வெண்முகில் விடுதியின் துவைகல்

2022 மே 14, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கொல்லிமலையின் ஊர்ப்பிரிவுகளில் ஒன்றான வளப்பூர் நாட்டில் இருக்கும் வெண்முகில் தங்கும் விடுதியின் கொடியில் காயப்போட்ட பதினோரு பெட்ஷீட்டுகளில், முந்தின நாள் அவற்றின் மேல் படுத்துத் தூங்கியவர்களின் உருவங்கள் கேலிப்படங்களாக அச்சாகியிருந்தன. கறுப்பு நிறம், மெல்லிய கோடுகள், பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தது போன்ற நிழல்கள். ஆண்கள் அடுப்புப் புகைக்குழாயைப் போன்ற உயரத் தொப்பியும் பின்பக்கம் வால் பிரிந்த கோட்டும் அணிந்திருந்தார்கள். பெண்கள் தாடைக்கடியில் நாடா கட்டிய தொப்பியும், கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தைப் போல விரிந்த பாவாடையும் அணிந்திருந்தார்கள். முகங்கள் மட்டும் சேலத்துக்காரர்களுடையவை, ஈரோட்டுக்காரர்களுடையவை, ஒன்றிரண்டு பெங்களூருக்காரர்களுடையவை. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அந்த ஆள் விடுதியில் சொன்ன ஒரு வாக்கியம் தமிழில் அச்சாகியிருந்தது. அன்று செம்மேட்டுச் சந்தையில் நடுத்தரப் பலாப்பழம் ஒன்று எண்பது ரூபாய்க்குப் போனது.

துணிகளைத் துவைத்தவள் சுகுணா. விடுதியின் அறைகளைப் பெருக்குவது, படுக்கை விரிப்பது, துவைப்பது ஆகியவை அவள் வேலை. துவைகல் சமையலறைக்குப் பின்னால் குழாயடியில் இருந்தது. மூன்றடி நீளம், நாலு விரற்கடை கனம், பழைய தந்தத்தின் மங்கிய மஞ்சள், மலையில் எங்கும் கிடைக்காத வழவழப்பு. விடுதியின் உரிமையாளர் அர்த்தனாரி நாமக்கல்லில் முப்பது வருடம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை மருமகனிடம் விட்டுவிட்டு அறுபத்தோராவது வயதில் மலையேறி விடுதி கட்டியபோது, கட்டடம் பழமையாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் புதுச்சேரியில் இடித்த ஒரு வீட்டிலிருந்து எட்டுக் கதவுகளும் ஆறு தூண்களும் வாங்கினார். லாரியில் மிச்சமிருந்த இடத்தில் அந்த வீட்டுக்காரர் இரண்டு பலகைக் கற்களைச் சும்மா ஏற்றிவிட்டார். ஒன்று காரவள்ளியிலிருந்து ஏறும்போது நாற்பத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் விழுந்து உடைந்தது. மற்றது துவைகல்லானது.

படங்கள் எப்படி விழுந்தன என்பதற்குச் சுகுணா சொன்ன காரணத்தில் குழப்பம் எதுவுமில்லை. வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் மரத்திலிருந்து இறக்கிய பலாப்பழம் கேட்டார்கள். சமையலறை மேடையில் இடமில்லை. அவள் கையிலும் கத்தியிலும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, மலையில் எல்லோரும் செய்வதுபோல், பழத்தைத் துவைகல்லில் வைத்துப் பிளந்தாள். கல்லில் பாலும் எண்ணெயும் ஊறின. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுநாள் துவைத்தாள். அதன்பிறகு அந்தக் கல்லில் அடித்த பெட்ஷீட் ஒன்றுகூடப் படம் இல்லாமல் வெளியே வரவில்லை.

அர்த்தனாரி முதலில் வெளுப்புத்தூள் வாங்கிவந்தார். துணி கிழிந்தது, படம் போகவில்லை. புதுச் சலவை இயந்திரம் வாங்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, நாலாம் அறையில் தங்கியிருந்த சேலத்து வங்கி மேலாளர் முரளி கொடியருகே நின்று தன்னையே பார்த்தார். படத்தில் அவர் உயரத் தொப்பியோடு, ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் முதல் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்து அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு மடியை விட்டு முழங்காலுக்கு வந்திருந்தது. கீழே எழுதியிருந்தது: ‘ஆயிரம் படியா? அருவி அங்கேயே இருக்கட்டும், நாம ரூமுக்குப் போவோம்.’ பக்கத்துக் கொடியில் அவர் மனைவி விசிறியோடு மலைச் சரிவில் நின்றார். கீழே: ‘இங்க காத்து எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. அந்த ஏசியப் போடுங்க.’ சுகுணா துணியை இழுத்தெடுக்கக் கை நீட்டினாள். முரளி சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டார், அவரும் சிரித்தார். இருவரும் பெட்ஷீட்டுகளுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். பிறகு அவற்றை விலைக்குக் கேட்டார்கள். ஜூன் மாதத்துக்குள் சனி ஞாயிறுகளில் அறை கிடைப்பது அரிதாயிற்று. எழுபது வளைவுகளிலும் வாந்தியெடுத்தபடி ஏறிவந்தவர்கள், வந்ததும் வராததுமாக, “எப்ப துவைப்பீங்க?” என்று கேட்டார்கள்.

சுகுணாவின் கவலை வேறு. விடுதிக்கு மேலே பாறையிடுக்கில் ஒரு ஊற்று இருக்கிறது. அதன் நீர்தான் அவளுக்கும் அவள் கணவன் சின்னானுக்கும் சொந்தமான மூன்று படிக்கட்டு வயல்களுக்குப் பாய்ந்து வந்தது. 2021இல் நீச்சல் குளம் கட்டியபோது அர்த்தனாரி சின்னானிடம் வந்து, மழை மாதங்களில் மட்டும் ஊற்றிலிருந்து குழாய் போட்டுக்கொள்கிறேன், தையில் மூடிவிடுகிறேன் என்று கேட்டார். சின்னான் சம்மதித்தான். வாய்ப்பேச்சுதான். சுகுணாவுக்கு வேலை கிடைத்தது. தை வந்தது, பங்குனி போனது, குழாய் மூடப்படவில்லை. மேல் வயல் வெடித்தது. நடு வயலில் போட்ட நெல் முழங்கால் உயரத்தில் நின்று கருகிவிட்டது.

“அய்யா, தையில கொழாய மூடிர்றேன்னு சொன்னீங்களே,” என்று சுகுணா கேட்டாள்.

“பாக்கலாம் கண்ணு. சீசன் முடியட்டும்.”

“சீசன் முடிஞ்சா மழ வந்துருமுங்க. அப்பறம் மூடி என்னத்துக்குங்க?”

“அதத்தான் நானும் சொல்றேன். மழதான் வந்துருமே.”

அர்த்தனாரி கெட்ட மனிதர் அல்ல. சின்னானுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரில் செம்மேட்டுக்கு அனுப்பியவர். கேட்டதற்கு இல்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம்தான் சுகுணா படங்களின் மூலையைக் கவனித்தாள். எல்லாப் படங்களிலும், விருந்தாளி எந்தக் கோலத்தில் இருந்தாலும், இடது கீழ் மூலையில் மூன்று படிக்கட்டு வயல்கள் இருந்தன. அவற்றில் வெடிப்புகள் நகக்கீறலாகத் தெரிந்தன. வயலுக்கு மேலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, விருந்தாளிகளின் கால்களுக்கிடையே புகுந்து, பின்னால் தொப்பியோடு நீந்துகிறவர்களின் குளத்தில் போய் விழுந்தது. வயல் வரப்பில் கட்டைவிரல் அளவில் ஒரு ஆள் மண்வெட்டியோடு முதுகைக் காட்டி நின்றான். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. பலாமரத்திலிருந்து விழுந்த வருடத்திலிருந்து சின்னானுக்கு அப்படித்தான்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சின்னான் நம்பவில்லை. மறுநாள் வந்து பார்த்தான்.

“ஆமா, நாந்தான். ஏ புள்ள, எம்மூஞ்சியக் காணோமே?”

“பாக்கறவிக இருந்தாத்தான மூஞ்சி போடும்? ஆரு உங்களப் பாக்கறா?”

அவள் தன் புடவையையும் சின்னானின் துண்டையும் அதே கல்லில் துவைத்துப் பார்த்தாள். எதுவும் விழவில்லை. சமையல்காரர் காளியண்ணன் தன் வேட்டியைக் கொடுத்தார். மஞ்சள் கறைகூடப் போய் வெள்ளை வெளேரென்று வந்தது. “நமக்கெல்லாம் தொப்பி போட்டுக்கற யோகமில்ல சுகுணா,” என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயம் உரிக்கப் போனார். கல் விடுமுறையில் இருப்பவர்களை மட்டுமே வரைகிறது என்பது இப்படித்தான் நிச்சயமாயிற்று.

முரளி குடும்பத்தோடு இரண்டாம் தடவை வந்தபோது சுகுணா அவருக்கு மூலையைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தார். “அட, ஆமா, ஒரு ஆள் நிக்கிறான். பேக்ரவுண்ட் பிரமாதமா வந்திருக்கும்மா.” அவள் குழாயைக் காட்டினாள். “அது இல்லன்னா படம் இந்தப் பக்கம் காலியா இருந்திருக்கும்,” என்றார். அவர் ரசனை உள்ளவர். அவ்வருடத்தில் அவள் நாற்பது ஐம்பது பேருக்காவது அந்த மூலையைக் காட்டியிருப்பாள். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்க மறுத்தவர் ஒருவருமில்லை.

2023 ஜனவரியில் புதுச்சேரியிலிருந்து பூபதி என்பவர் வந்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், பழைய அச்சுப்படங்களைச் சேகரிப்பவர். அவர் அறைக்குப் போகாமல் நேரே குழாயடிக்கு வந்து, கல்லின் மேல் தண்ணீர் தெளித்து, விரலால் தடவி, அது எங்கே ஒட்டுகிறது எங்கே விலகுகிறது என்று பார்த்தார். இது அச்சடிக்கிற கல் என்று சொன்னார். இருநூறு வருடங்களுக்கு முன்பு பிரான்சில் இப்படிப்பட்ட கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைந்து, தண்ணீர் நனைத்து, மை உருட்டினால், பசை இருக்கும் இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். தாளை அழுத்தினால் படம். ஒரு படம் தேவையான அளவு அச்சானதும் கல்லை மணல் போட்டுத் தேய்த்து அடுத்த படம் வரைவார்கள். ஓவியர்கள் முதலில் அரசனைக் கேலி செய்து வரைந்தார்கள். அரசன் அவர்களைச் சிறையில் போட்டான், பிறகு சட்டமே கொண்டுவந்தான். அதனால் அவர்கள் நகரத்துக் குமாஸ்தாக்களையும் கடைக்காரர்களையும் வரையத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போய் மழையில் நனைகிறவர்கள், தூண்டில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள், மாட்டைக் கண்டு மரத்தில் ஏறுகிறவர்கள், ஆற்றில் குளிக்கத் தொந்தியோடு வரிசையில் நிற்பவர்கள். பத்திரிகைகளில் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. “இந்தக் கல்லை எத்தனை தடவை தேய்ச்சிருப்பாங்களோ தெரியாதும்மா. அது ஒண்ணையும் மறக்கல,” என்றார் பூபதி.

சுகுணா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “படத்தப் பாத்து அந்த ஆளுக திருந்துனாங்களாங்க?”

பூபதி கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். “வாங்கிட்டுப் போய் வீட்ல மாட்டிக்கிட்டாங்கம்மா.”

அவள் இதைச் சின்னானிடம் சொன்னபோது அவன், அது வெளியூர் சனங்கள் என்றான். சுகுணாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவர்கள் ஊரில் சிரிப்பு ஒரு தண்டனை. சின்னான் பையனாக இருந்தபோது, அடுத்தவர் மரத்துப் பலாவை இரவோடிரவாக இறக்கிய ஒருவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்கள். அவனுக்கு அபராதம் போடவில்லை, அடிக்கவில்லை. அவன் பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடியதை ஒருவர் நடித்துக் காட்டினார், ஊர் சிரித்தது. அவ்வளவுதான். அவன் அன்று மாலைப் பேருந்தில் மலையிறங்கித் திருப்பூர் போனான், நான்கு வருடம் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது பழத்துக்குரியவரின் வீட்டுக்கு ஒரு கன்றுக்குட்டியோடு போனான். விருந்தாளிகள் ஊர் தெரியாதவர்கள், அவர்களுக்கு யார் முன்னாலும் வெட்கமில்லை. ஆனால் அர்த்தனாரி நாமக்கல்லுக்காரர். தெரிந்தவர். அவர் முகம் துணியில் விழுந்தால் அவரால் தாங்க முடியாது, மறுநாளே குழாயை மூடிவிடுவார் என்று கணவனும் மனைவியும் முடிவுக்கு வந்தார்கள். இந்த முடிவுக்கு வந்ததில் அவர்களுக்கு அர்த்தனாரி மேல் ஒரு மரியாதையே இருந்தது.

சிக்கல் என்னவென்றால் அர்த்தனாரி விடுதியில் தங்குவதில்லை. மாலை ஐந்து மணிக்குக் காரில் மலையிறங்கிவிடுவார். மலைக்காற்று அவருக்குச் சளி பிடிக்க வைக்கும். பதினோரு மாதம் காத்திருந்தார்கள். அந்தப் பதினோரு மாதத்தில் நடு வயலும் போனது. சின்னான் கீழ் வயலில் மட்டும் ராகி விதைத்து, விடுதியின் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றினான். மிளகுக் கொடிகள் பட்டுப்போயின. 2023 டிசம்பர் ஐந்தாம் தேதி பெய்த மழையில் ஐம்பத்தெட்டாவது வளைவில் மரம் விழுந்து சாலை அடைபட்டது. அர்த்தனாரி ஏழாம் அறையில் படுத்தார். அவருக்காகச் சுகுணா விரித்தது விடுதியிலிருந்த ஒரே புது பெட்ஷீட்.

மறுநாள் காலை அவள் அதைத் தனியாகத் துவைத்தாள். ஒரு சொட்டு விளக்கெண்ணெயைக் கல்லில் தடவிவிட்டுத்தான் துணியை வைத்தாள். இப்படி அவள் செய்தது அந்த ஒரு முறைதான். சின்னான், காளியண்ணன், தோட்டக்காரர் ராஜதுரை, சாலை திறக்காததால் போக முடியாமலிருந்த பதினான்கு விருந்தாளிகள், எல்லோரும் நின்றார்கள். துணியை உதறினாள்.

அதுவரை விழுந்த படங்களில் அதுவே பெரியது, ஓரத்திலிருந்து ஓரம் வரை. அர்த்தனாரி உயரத் தொப்பியோடு மலையுச்சியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று படிக்கட்டு வயல்களையும் இளநீரைப் போல ஒரு கையில் ஏந்தி, குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கன்னங்கள் குழிந்திருந்தன. கோட்டின் பொத்தான்கள் தெறித்து, வயிறு நீச்சல் குளமாக விரிந்திருந்தது. அதில் சின்னச் சின்னத் தொப்பிகள் மிதந்தன. உறிஞ்சப்பட்ட வயலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது தோள் இறங்கிய ஒருவன் தொங்கினான். அடியில் எழுதியிருந்தது: ‘பாக்கலாம் கண்ணு.’

அர்த்தனாரி பக்கத்தில் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார். தொங்குகிறவனைப் பார்த்தார், பிறகு திரும்பிச் சின்னானைப் பார்த்தார். அவர் உதடு நடுங்கியது. சின்னான் தலையைக் குனிந்துகொண்டான், பெரியவரை இப்படிச் செய்துவிட்டோமே என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில் வருத்தமாக இருந்தது. அதற்குள் அர்த்தனாரியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, இருமல் வர, ராஜதுரையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அட சண்டாளா! சின்னா, உன்னையப் பாரு, பல்லி மாதிரி தொங்கற! என் வயித்துல நீஞ்சறானுக பாரு! சுகுணா, இந்த மாதிரி ஒண்ணு எனக்கு எப்பக் கெடைக்கும்னு இருந்தேன் கண்ணு!”

பதினான்கு விருந்தாளிகளும் கைதட்டினார்கள். காளியண்ணன்கூடச் சிரித்துவிட்டு, பிறகு சுகுணாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“கொழாயிங்க, அய்யா,” என்றாள் சுகுணா.

“பாத்தேன் கண்ணு, பாத்தேன். அதுதான படமே.”

பொங்கலுக்குள் அந்தப் படம் விடுதியின் பெயர்ப்பலகைக்கு வந்தது. பிறகு தேநீர்க் கோப்பைகளுக்கும், சாவி வளையங்களுக்கும், விருந்தாளிகள் வாங்கிப்போகும் பனியன்களுக்கும் வந்தது. பனியனின் முதுகில் ‘பாக்கலாம் கண்ணு’ என்று எழுதியிருந்தது. சின்னானுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தார்கள். நாமக்கல்லில் அர்த்தனாரியின் பேத்தி கல்யாணத்தில் மணமேடைக்குப் பின்னால் அதைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். உறவினர் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் பெருகியதால் 2024 ஏப்ரலில் குழந்தைகளுக்கென்று இரண்டாவது குளம் கட்டப்பட்டது. ஊற்றில் இருந்த இரண்டு அங்குலக் குழாயைப் பிடுங்கிவிட்டு நான்கு அங்குலக் குழாய் போட்டார்கள். கல் இதையும் தவறாமல் வரைந்தது. அதன் பிறகு விழுந்த படங்களிலெல்லாம் குழாய் இருமடங்கு தடிமனாக இருந்தது.

சின்னான் ஒரு தடவை குழாயின் தொண்டையில் துணி அடைத்தான். அரை மணி நேரத்தில் குளத்தில் நீர் விழவில்லை என்று ராஜதுரை வந்து எடுத்துவிட்டார். அவருக்கும் வேறு வழியில்லை, அவர் வேலை அது. சுகுணா மனு எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தாள். மனுவை வாங்கியவர் வளப்பூர் நாடு என்று படித்ததும் நிமிர்ந்து, “அந்தத் துவைகல்லு இருக்கிற இடமா? ஒரு ரூம் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். ஒருநாள் கல்லையே உடைத்துவிடலாம் என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனாள். கல்லின் எதிரே நின்றபோது, மலையில் தன் வயலைத் திருப்பித் திருப்பி வரைந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான் என்று தோன்றியது. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஊறவைத்த துணிகளை எடுத்தாள்.

2025இல் கீழ் வயலிலும் விதைப்பு நின்றது. ஆனி மாதம், மலை முழுக்க நாற்று நடவு. திருப்புலி நாட்டிலும் குண்டூர் நாட்டிலும் ஆள் கிடைக்காமல் சின்னானைக் கூப்பிட்டார்கள், ஆனால் இறங்கிய தோளோடு குனிந்து நட அவனால் முடியவில்லை. தன் வயல் என்றால் அவன் வேகத்துக்கு நட்டிருப்பான். மண்வெட்டியைக் கூரையில் செருகிவிட்டுக் காலையில் வரப்பில் போய் உட்கார்ந்தான். மதியம் வந்து கம்பளியை விரித்துப் படுத்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பகலில் அவன் தூங்கிச் சுகுணா பார்த்தது காய்ச்சல் வந்தபோது மட்டும்தான்.

“ஏனுங்க, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல புள்ள. வேல ஒண்ணுமில்ல.”

இப்படிப் பன்னிரண்டு நாட்கள் போயின. பதின்மூன்றாம் நாள் அவள் அந்தக் கம்பளியை விடுதிக்கு எடுத்துப்போய், பெட்ஷீட்டுகளோடு சேர்த்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். சாம்பல் நிறக் கம்பளியில் படம் தெளிவாக விழுந்திருந்தது. சின்னான் உயரத் தொப்பியும் வால் பிரிந்த கோட்டும் போட்டு, கையுறை அணிந்த கையில் குடையை ஊன்றி, காலுக்கு மேல் கால் போட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். முதல் தடவையாக அவனுக்கு முகம் இருந்தது. மூலையில் ஆள் இல்லை. கீழே எழுதியிருந்தது: ‘வேல ஒண்ணுமில்ல.’

சுகுணா அதை எடுக்குமுன் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். இதுவரை வந்ததில் இதுதான் நேர்த்தி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யார் இந்தக் கனவான் என்று கேட்டார்கள், எந்த ஊர், எந்த அறை என்று கேட்டார்கள். அர்த்தனாரி வந்து பார்த்து, சின்னானுக்கு ஆள் அனுப்பினார். சின்னான் வந்து தன் படத்தைப் பார்த்தான். தொப்பி பொருத்தமாக இருப்பதாகச் சொன்னான்.

கம்பளி இப்போது விடுதியின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. சின்னானுக்கு விடுதி ஒரு புதுப் போர்வை கொடுத்தது.